இருநூற்றுப் பதினாலு நிற்கட்டும்

வரிசை ஒழுங்காக நிற்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் தலைகளைப் பார்க்கக் கூடாது ஐயா, கால்களைப் பார்க்க வேண்டும். தலை எப்போதும் பொய் சொல்லும். வேறு எங்கேயோ வேடிக்கை பார்ப்பது போல இருக்கும். கால்தான் அரை அடி அரை அடியாக நகர்ந்து, பக்கத்து ஆளை ஒதுக்கிக்கொண்டு உள்ளே நுழையும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. தேரடித் தெருவில் ஒரு டாக்டரிடம் பதினோரு வருஷம் டோக்கன் கொடுத்தேன். அங்கே கற்றுக்கொண்டது.

என் பெயர் பாஞ்சாலை. வயது ஐம்பத்திரண்டு. எழுபதுகளில் இந்த ஊரில் இருமியவர்கள், வாந்தி எடுத்தவர்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும். டோக்கன் பாஞ்சாலை என்பார்கள். டாக்டர் பெயரை மறந்தவர்கள்கூட என் பெயரை மறக்கவில்லை. காக்க வைத்தவர்களை ஜனங்கள் மறப்பதில்லை.

டாக்டர் காலமான பிறகு இரண்டு வருஷம் வீட்டில் இருந்தேன். எண்பத்தைந்தில் ராஜமாணிக்கம் வந்தார். கடலை எண்ணெய் மில் முதலாளி. மெட்ராஸில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரைப் பார்த்து மயங்கிப் போய், ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, செங்கம் ரோட்டில் ஆசிரமம் தாண்டி ஏசி அறை கட்டி அதில் வைத்து, சென்டர் என்று பெயர் போட்டிருந்தார்.

"பாஞ்சாலம்மா, மிஷினு ஓட்டறதுக்கு ரெண்டு பட்டதாரிப் பசங்களப் போட்டுட்டேன். ஜனங்கள நிறுத்தி வெக்கத்தான் ஆளு இல்ல. நீங்க வந்துடுங்க."

"எனக்கு இங்கிலீஷ் எட்டாங்கிளாஸோட சரிங்க."

"அதுக்கு அஞ்சே வார்த்த போதுமாம். அதுவும் பெட்டிகிட்டதான் பேசணும், மனுஷங்ககிட்ட இல்ல."

பட்டதாரிகள் இருவரும் ஒரு வருஷத்தில் மெட்ராஸுக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். அவர்கள் எழுதி வைத்த புரோகிராம்களும் நானும் மிச்சம்.

தூசி போகக் கூடாது என்று ஏசி அறை வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வோம். ஊர்க்காரர்கள் அதைக் கர்ப்பக்கிரகம் என்று முடிவு செய்துவிட்டார்கள். மார்க் ஷீட் வாங்க வந்த கல்லூரி குமாஸ்தா ஒருவர் கண்ணாடிக்கு வெளியே சூடம் ஏற்றினார். ராஜமாணிக்கம் தடுக்கவில்லை. தேங்காய் உடைப்பதை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

வேலை இவ்வளவுதான். பெட்டி ஒன்று. வேலை கொண்டுவருபவர்கள் பலர். கல்லூரி, மில்லுகள், ஜோசியர், ஆஸ்பத்திரி. ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் அது செய்யும். மற்றவை எண் வாங்கிக்கொண்டு உள்ளே வரிசையில் நிற்கும். அந்த வேலைக்கு ஜாப் என்று பெயர். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும், என்ன சொல்லப் போகிறாய் என்பது போல. வரிசையைக் காட்டு என்று ஒரு வார்த்தை. நிறுத்தி வை, அதற்கு ஹோல்டு. அவிழ்த்து விடு, அதற்கு ரிலீஸ். முன்னால் தள்ளு என்று ஒன்று. அழித்துவிடு என்று ஒன்று. வார்த்தைக்குப் பின்னால் ஜாப் எண்ணைத் தட்ட வேண்டும். என்னை 'ஏன்' என்று அது ஒரு நாளும் கேட்டதில்லை. முப்பது வருஷம் குடித்தனம் செய்த வீட்டில் எனக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

உள்ளே இரண்டு வரிசை. பொது, சிறப்பு. அது ராஜமாணிக்கம் யோசனை. "பெரிய கோயில்ல சாமியே ரெண்டு கியூ வெச்சிருக்காரு. நமக்கு இன்னா கெட்டுது" என்றார். சிறப்பு வரிசைக்கு அந்தந்த இடத்துத் தலைவரின் கையெழுத்து வேண்டும். மற்றவர்கள் தர்ம தரிசனம் போல நிற்க வேண்டியதுதான்.

நீங்கள் மேஜை மேல் விரித்து வைத்திருக்கிறீர்களே, அந்தத் தாள் சுருள், அதைப் பார்த்து எனக்குப் பயமில்லை. நான் தட்டும் ஒவ்வொரு வார்த்தையும் மணி நிமிஷத்தோடு அதில் தானாக அச்சாகும் என்பது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். மறைக்க நினைக்கிறவள் அந்த மேஜையில் உட்கார மாட்டாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், காலை பதினொன்றரை. உண்ணாமலை வந்தாள். மலை சுற்றும் பாதையில் இருக்கிற தர்ம ஆஸ்பத்திரியில் ரிக்கார்டு கிளார்க். அந்த ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுக்கிறவர் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் ஒரு வெள்ளைக்காரர். எத்தனை ஏழைகள் இருமுகிறார்கள் என்று மாதாமாதம் அவருக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டும். அதற்காகச் சீட்டில் இருக்கும் பெயர், ஊர், மருந்து, பாட்டில் நம்பர் எல்லாவற்றையும் உண்ணாமலை வாரா வாரம் சென்டருக்கு வந்து பெட்டியில் ஏற்றுவாள். ஏற்றி முடித்த சீட்டுகளை ஆஸ்பத்திரி எடைக்குப் போட்டுவிடும். ஊரில் பாதிப் பேர் அந்தச் சீட்டில்தான் வேர்க்கடலை மடித்து வாங்கித் தின்றோம்.

அன்று அவள் மூச்சு வாங்கியபடி வந்தாள். கையில் இருந்த தாளின் தலையில் சிவப்பு மையில் 'மிக அவசரம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள்.

"மேடம், இது கொஞ்சம் உடனே ஓட்டணுங்க."

"எல்லாரும் அதான் சொல்றாங்க. உக்காரு."

"உக்கார நேரமில்லைங்க. இருமல் மருந்துல ஒரு நம்பரு கெட்டதாம். இன்னிக்குத்தான் கம்பெனிக்காரன் காயிதம் வந்திச்சி. அந்த நம்பரு பாட்டிலு யார் யாரு வூட்டுக்குப் போயிருக்குதுன்னு லிஸ்டு வேணும். எல்லாம் கொழந்தைங்க மருந்து."

"கெட்டதுன்னா? கசக்குமா?"

"மூத்திரம் நின்னுடுமாம். ஜாஸ்தி உள்ள போனா உயிருக்கே ஆபத்தாம். ஒரு ஸ்பூனு, மூணு வேளை. இன்னி மத்தியானம்கூட ஊத்திக்கினு இருப்பாங்க."

"எத்தன கொழந்தைங்க?"

"அது தெரியாமத்தான உங்ககிட்ட வந்திருக்கேன்?"

எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. அவள் சொன்னாள், நான் கேட்டுக்கொண்டேன். அந்தக் கடைசிப் பதிலில் இருந்த தொனியையும் கேட்டுக்கொண்டேன்.

தண்டோரா போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அவளிடம் கேட்டேன். "எங்க ஆஸ்பத்திரி செக்ரட்ரி வேணாம்னுட்டாருங்க. தீபம் வருது, நன்கொடை வர்ற நேரம், பேரு கெட்டுடும்னு சொல்றாரு. லிஸ்ட எடு, ஜீப்புல போயி சத்தமில்லாம பாட்டில வாங்கிக்கினு வந்துடலாங்கறாரு" என்றாள். ஆக, ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தது நான் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவரை நீங்கள் நாற்காலியில் உட்கார வைத்து காபி கொடுத்து விசாரித்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்கும் காபி கொடுத்தீர்கள், குறை சொல்ல மாட்டேன்.

அவள் ஜாப்புக்கு எண் இருநூற்றுப் பதினாலு. ஓட நாற்பது நிமிஷம். அதற்கு முன்னால் ஐந்து நின்றன. நாலு மணி வாக்கில் அதன் முறை வந்திருக்கும். மூன்று ஐம்பதுக்கு நான் முதல் ஹோல்டு போட்டேன். காரணம் கேட்டீர்கள். சிவப்பு மை. அவசரம் என்று தானே எழுதிக்கொள்வதற்கு யாருக்கும் அதிகாரம் கிடையாது. அவசரம் என்றால் சிறப்பு வரிசை. சிறப்பு வரிசை என்றால் கையெழுத்து. ஆஸ்பத்திரிக்குத் தலைவர் செக்ரட்ரி இல்லை, அவளுடைய சூப்பரண்டு; அவர் பாண்டிச்சேரிக்குப் போயிருந்தார். அவர் வரட்டும் என்று நிறுத்தி வைத்தேன்.

பொது வரிசையில் அதன் முறைதான் வந்துவிட்டதே, கையெழுத்து எதற்கு என்கிறீர்கள். நீங்கள் புத்திசாலி. அன்று சென்டரில் அப்படி யாரும் யோசிக்கவில்லை.

அதற்குப் பதிலாக ஓடியது இருநூற்றுப் பதினெட்டு. ஜோசியர் சகாதேவனின் ஜாதகப் பொருத்தம். ஒரு பெண்ணின் ஜாதகத்தை நூற்றெண்பது பையன்களின் ஜாதகத்தோடு வரிசையாகப் பொருத்திப் பார்க்கும் ஜாப். ஐந்து மணி நேரம் பிடிக்கும். ஆமாம், இரண்டு மணிக்குத்தான் பதிவானது. ஆமாம், முன்னால் தள்ளு என்று தட்டியது நான்தான். இடையில் நின்ற மூன்று மில் ஜாப்புகளைப் பூஜை லீவு என்று மில்லுக்காரர்கள் சாயங்காலமே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பெண்ணின் பெயர் கஸ்தூரி. என் மகள்.

அவளுக்கு இருபத்தொன்பது முடிகிறது ஐயா. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். செவ்வாய் தோஷம் என்று ஒருவன் சொல்லி வைத்தான், இல்லை என்று இன்னொருவன் சொன்னான், இரண்டு பேருக்கும் தட்சிணை கொடுத்தோம்.

உண்ணாமலையை எனக்கு முன்பே தெரியும். போன வருஷம் ஆவணியில் தன் தம்பிக்காகக் கஸ்தூரியைப் பெண் பார்க்க வந்தவர்களில் அவளும் ஒருத்தி. கேசரி, வாழைக்காய் பஜ்ஜி. ஏழு பேர் வந்தார்கள். அப்போது நான் அவளுக்கு மேடம் இல்லை. "அக்கா, பஜ்ஜி நல்லா மொறுமொறுன்னு இருக்குதுக்கா, மாவுல இன்னா போட்டீங்க" என்று அடுப்படி வரை வந்தாள். கிளம்பும்போது வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லி அனுப்பறோம்க்கா" என்றாள்.

பதினாலு மாதம். வாசலில் சைக்கிள் மணி கேட்டால் கஸ்தூரி முகம் கழுவப் போவாள். நடுவில் போளூரிலிருந்து ஒரு வரன் வந்தது. முதலில் வந்தவர்கள் பதில் சொல்லட்டும் என்று நான்தான் அதை நிறுத்தி வைத்தேன். வரிசை என்று ஒன்று இருக்கிறதே. போளூர்க்காரர்கள் நிற்கவில்லை, வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் என் பெண் நாலு நாள் அழுதிருப்பாள், ஐந்தாம் நாள் தலை வாரியிருப்பாள்.

இதை நான் காரணமாகச் சொல்லவில்லை. குடும்பத்தைப் பற்றிக் கேட்டீர்கள், சொன்னேன்.

மின்சாரச் செலவுக்குப் பயந்து ராஜமாணிக்கம் தினமும் ஆறு மணிக்கு மிஷினை நிறுத்திவிடுவார். நிறுத்தினால் பாதியில் இருக்கிற ஜாப் செத்துப்போகும். மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். போட்டு வைத்த ஹோல்டுகளும் தானாக அவிழ்ந்துவிடும். அதனால் ஆயுத பூஜை அன்று காலை எட்டரைக்கு நான் மிஷினைப் போட்டபோது, வரிசையின் தலையில் இருநூற்றுப் பதினாலுதான் நின்றது. இரண்டாவது ஹோல்டு அப்போது போட்டேன்.

அதற்குள் உண்ணாமலை கையெழுத்தோடு வந்துவிட்டாள். சூப்பரண்டைப் பாண்டிச்சேரி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பிடித்து, பஸ் ஸ்டாண்டிலேயே கையெழுத்து வாங்கியிருக்கிறாள். கெட்டிக்காரிதான்.

"மேடம், கையெழுத்து."

"இன்னிக்கு இன்னா நாளுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியுங்க. ஆனா..."

"ஆயுதத்த இன்னிக்குத் தொடக்கூடாது. உங்க ஆஸ்பத்திரியில கத்திரிக்கோலுக்குப் பொட்டு வெக்கல?"

"வெச்சாங்க. வெச்சிட்டு அதே கத்திரிக்கோலால கட்டு பிரிச்சிக்கினுதான் இருக்காங்க."

பதில் சொல்வதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. முதலாளியிடமே போய்க் கேட்டாள். அவர் பூசணிக்காய்க்குள் குங்குமத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார். "எனக்குச் செக்கு ஓட்டத்தாம்மா தெரியும். பாஞ்சாலம்மா சொன்னாத்தான் இந்தச் சாமி வரம் குடுக்கும். அவங்ககிட்டயே கேளு" என்றார். அவள் திரும்பி வந்து ஏசி அறைக்கு வெளியே படியில் உட்கார்ந்தாள்.

பத்து மணிக்குப் பூஜை. மிஷின் மேல் பட்டுத் துணி போர்த்தி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, எல்லோரும் கண்ணை மூடி நின்றோம். துணிக்குள்ளே அது மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. ராஜமாணிக்கத்துக்கு மெய் சிலிர்த்துவிட்டது. "சாமி வந்துட்டாரு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். உறுமியது கஸ்தூரியின் ஜாதகம். முந்தின நாள் தொடங்கியது அல்லவா, தொடங்கிய சுபகாரியத்தை நடுவில் விடக் கூடாது. தொடங்குவதுதான் தோஷம், தொடர்வது தோஷமில்லை. எந்தச் சாஸ்திரியைக் கேட்டாலும் சொல்வார்.

பூஜை முடிந்து எல்லோரும் போனார்கள். விளக்கைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் இருந்தேன். உண்ணாமலையும் இருந்தாள். அவளுக்கும் பொரி கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், சாப்பிடவில்லை.

ஒன்று பத்துக்குக் கரண்ட் போனது. பொருத்தம் முடிய இருபது நிமிஷம்தான் பாக்கி. இரண்டு மணிக்குக் கரண்ட் வந்து மிஷின் எழுந்ததும், மறுபடியும் இருநூற்றுப் பதினாலு வரிசையின் தலையில். அதன் பிடிவாதம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கால்களைப் பார்க்கச் சொன்னேனே, அதைப் போல, யாரும் பார்க்காதபோது முன்னால் வந்து நிற்கும்.

அந்த நேரத்தில் உண்ணாமலை கண்ணாடியைத் தட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்திருந்தாள்.

"அக்கா" என்றாள். பதினாலு மாதம் கழித்து.

"இன்னாம்மா?"

"சாணானந்தலிலேருந்து ஒரு பையனத் தூக்கியாந்திருக்காங்கக்கா. நேத்திலேருந்து மூத்திரம் போவலையாம். அந்தப் பாட்டிலுதான். நான் கண்ணால பாத்தேன், அதே நம்பரு. இன்னும் எத்தினி வூட்ல ஊத்திக்கினு இருக்காங்களோ. உங்க காலுல வேணா வுழறேன். இப்ப போட்டீங்கன்னா ஒரு மணி நேரத்துல ஜீப்பு கெளம்பிடும்."

"பாக்கறேன், இரு."

நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். பச்சைக் கோடு கண் சிமிட்டியது. ஹோல்டு, இருநூற்றுப் பதினாலு. இரண்டு ஐந்து. மூன்றாவது. பிறகு இருநூற்றுப் பதினெட்டை முதலிலிருந்து தொடங்கினேன். அதுவரை இரண்டு தடவை ஓடியும் முடியாத ஜாப் அது. அது மட்டும் பாவம் இல்லையா.

கண்ணாடிக்கு வெளியே அவள் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தட்டியதைப் பார்த்ததும் கும்பிட்டாள். நான் தலையசைத்தேன். அவள் தவறாகப் புரிந்துகொண்டால் அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

ஆறு மணிக்கு மிஷினை நிறுத்த அன்று முதலாளி இல்லை; ஏழு ஐந்துக்கு ஜாதகம் முடிந்தது. பிரிண்டர் கரகரவென்று தாளைத் தள்ளியது. அவள் எழுந்து ஓடிவந்தாள்.

"வந்துடிச்சாக்கா?"

"இது வேற ஜாப்பு. உன்னுது நாளைக்கு."

"இப்ப வேற ஜாப்பு எதுவும் இல்லியேக்கா. நாப்பது நிமிஷந்தான. நான் இங்கயே நிக்கறேன்."

நான் மிஷினை நிறுத்தினேன். விளக்கை மலை ஏற்றினேன். கதவைப் பூட்டிக்கொண்டு படியிறங்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "சொல்லி அனுப்பறேன்மா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். அதுவரைக்கும் கேசரி சாப்பிட்டது அவளுக்கு ஞாபகமே இல்லை. அதுதான் ஐயா எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. பதினாலு மாதம் நாங்கள் நின்ற வரிசை ஒன்று இருந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

அன்று ராத்திரியே அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஞாபகம் இருந்த வீடுகளுக்கெல்லாம் போனாளாம். வேங்கிக்கால் பக்கம் ஆறு வீடு. அவள் நினைவில் ஆறுதான் இருந்தன. பெட்டியின் நினைவில் முப்பத்தெட்டு.

மூன்று தடவைதான் ஹோல்டு போட்டேன் என்று ராஜமாணிக்கத்திடம் சொன்னது உண்மை. நான்காவதா? காட்டுங்கள். விஜயதசமி, காலை எட்டு இரண்டு. ஆமாம். மிஷினைப் போட்டதும் அவிழ்ந்திருந்தது, மறுபடி கட்டினேன். வரிசையில் வேறு ஜாப் எதுவும் இல்லை, ஆமாம். கையெழுத்து இருந்தது. பூஜை முடிந்திருந்தது. ஜாதகம் முடிந்திருந்தது. எட்டு மணி நல்ல நேரமில்லை என்று நாட்காட்டியில் போட்டிருந்தது. பத்தே முக்காலுக்கு நல்ல நேரம். வெற்றி தரும் நாளில் முதல் ஜாப்பை நல்ல நேரத்தில் தொடங்குவது எங்கள் சென்டர் வழக்கம்.

நீங்கள் சுருளைப் பின்னோக்கித் திருப்பிப் பார்க்கிறீர்கள். சரி. வழக்கம் இல்லை. அன்றுதான் முதல் தடவை.

எட்டு இரண்டிலிருந்து பத்தே முக்கால் வரை நான் வெறும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு ஜாப், இருநூற்றுப் பதினாலு, ஹோல்டு. வெளியே படியில் ஒரே ஒருத்தி. இரண்டு வரிசையும் என் கண் முன்னால், துளி அசையாமல். டாக்டர் வீட்டில் பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு அமைதியான வரிசையை நான் பார்த்ததில்லை. கைதவறிச் செய்தேன், மறந்துவிட்டேன் என்று எழுத வேண்டாம். அவள் காத்திருக்க வேண்டும் என்றுதான் செய்தேன். நன்றாக இருந்தது.

பத்தே முக்காலுக்கு அவிழ்த்து விட்டேன். முப்பத்தெட்டுப் பெயர். ஜீப் கிளம்பியது.

அடி அண்ணாமலையில் ஆராயி என்ற பெண்ணின் வீடு பட்டியலில் முப்பத்தோராவது. ஜீப் போனபோது மதியம் ஒன்றரை. மூன்று வயதுப் பெண் குழந்தை, தனம் என்று பெயர். மடியில் போட்டுக்கொண்டு மத்தியான ஸ்பூனை வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாளாம். கணக்குப் பார்த்தால், முதல் நாள் நாலு மணிக்கு ஜாப் ஓடியிருந்தால், அன்றைய ராத்திரி ஒன்று, பூஜை அன்று மூன்று, விஜயதசமி காலை ஒன்று. ஐந்து ஸ்பூன். ஆறாவது பாதியில் தட்டிவிட்டார்கள். மற்ற வீடுகளில் பெரும்பாலும் பாட்டிலைத் திறந்து ஒரு வேளை கொடுத்துவிட்டு மூலையில் போட்டிருந்தார்கள். ஒரு வீட்டில் பாட்டிலைக் கழுவி மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்தார்கள். அந்தக் குழந்தைகள் எல்லாம் ஓடி விளையாடுகின்றன. சாணானந்தல் பையன்கூட வேலூருக்குப் போய்ப் பிழைத்துவிட்டான். சொன்ன வேளைக்குச் சொன்ன அளவு கொடுத்தவள் ஆராயி ஒருத்திதான். குழந்தை சனிக்கிழமை விடியற்காலையில் போய்விட்டது.

முப்பத்தோராவது என்பதைக் கவனியுங்கள். முதல் நாள் சாயங்காலமே ஜீப் கிளம்பியிருந்தாலும் வரிசைப்படிதான் போயிருப்பார்கள். டிரைவர் நடுவில் டீ குடித்திருப்பான். எவ்வளவு சீக்கிரம் என்பது யாருக்குத் தெரியும்.

பௌர்ணமிக்குக் கிரிவலம் போனேன். மாதாமாதம் போவதுதான். அந்த வழியில்தானே அடி அண்ணாமலை. அவள் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்டேன். ஆராயி சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது.

"எங்கேருந்தும்மா வர்றீங்க?"

"டவுன்லேருந்து."

"செருப்பில்லாம நடக்கறீங்களே, அந்தாண்ட முள்ளு ஜாஸ்தி. பாத்துப் போங்க." பிறகு நான் கேட்காமலே சொன்னாள். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள் போல. "ஒரு வேளகூட வுடலம்மா. மறந்துடுவேன்னு கோயிலு மணி அடிச்சா குடுக்கறது. காறித் துப்பும், மூக்கப் புடிச்சி ஊத்துவேன். இன்னா தப்பு செஞ்சேன்னு தெரியல."

"நீ ஒண்ணும் தப்பு செய்யலம்மா" என்று சொன்னேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல யாராவது வேண்டாமா. தண்ணீர் நன்றாக இருந்தது.

அவ்வளவுதான் ஐயா. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். படித்துப் பார்க்க வேண்டியதில்லை, உங்கள் எழுத்து நேர் வரிசையாக இருக்கிறது.

போவதற்கு முன்னால் ஒரு உதவி. சென்டருக்குச் சீல் வைத்துவிட்டீர்கள். உள்ளே பிரிண்டர் மேல் கஸ்தூரியின் தாள் இருக்கிறது. நல்ல நாள் பார்த்து எடுக்கலாம் என்று விட்டு வைத்தேன், முதல் வரியை மட்டும்தான் படித்தேன். நூற்றெண்பதில் பதினொன்று பொருந்தியிருக்கிறது. முதலில் இருப்பது உண்ணாமலையின் தம்பி. பத்துக்கு ஒன்பது பொருத்தம். அவன் ஜாதகத்தை சகாதேவனிடம் கொடுத்துச் சேர்க்கச் சொன்னவள் நான்தான். நடந்ததை மனதில் வைத்துக்கொள்ளாமல் யாராவது ஒரு பெரியவர் போய் அவளிடம் பேசினால் இன்னும் முடிக்கலாம். கொஞ்சம் சீக்கிரம் அந்தத் தாளை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். சொல்லி அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு பெண்ணைக் காக்க வைப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று உங்களுக்குத் தெரியாது.